தோள் அளந்த ஆழம்

அஞ்செட்டிப் பக்கம் கல்யாண ஊர்வலம் வருகிறது என்றால் முதலில் காதுக்கு எட்டுவது பாட்டு அல்ல. டிரம்பெட்டும் கிளாரினெட்டும் இரண்டு தெரு தாண்டினால் காற்றோடு போய்விடும். சைடு டிரம்மின் சடசடப்பும் அப்படித்தான். மிஞ்சுவது பெரிய டிரம்மின் ‘தொம்’ மட்டும். என்ன பாட்டு, யார் வீட்டுக் கல்யாணம் என்று ஒன்றும் தெரியாது. ஊர்வலம் எந்தத் திசையில் இருக்கிறது என்பது தெரியும். தாழ்ந்த ஒலியைக் காற்று சீக்கிரம் தின்பதில்லை, மரமும் சுவரும் அதைப் பெரிதாக மறிப்பதில்லை. பேண்டு செட்டுக்கு அந்த டிரம்தான் விலாசம். அதை அறுத்துச் சின்னதாக்கலாமா என்று எங்கள் பக்கத்துப் பேண்டு மாஸ்டர் ஒருவர் யோசிக்கத் தொடங்கியபோது, குழுவில் ஒருவர்கூட ஒப்புக்கொள்ளவில்லை.

முகம் 26 அங்குலம், ஆழம் 16. பழைய பாணிச் சரக்கு. பிளைவுட் சட்டி, இரண்டு பக்கமும் மர வளையம், ஒரு வளையத்திலிருந்து மறு வளையம்வரை ஓடும் நீளக் கம்பிகள், முனையில் மரை. இந்தியாவில் பேண்டு வாத்தியம் என்றாலே மீரட்தான். அங்கே ஜாலி கோத்தி வட்டாரம் முழுக்க இதே தொழில், நாதிர் அலி கம்பெனி 1885 முதல் இருக்கிறது. இந்த டிரம்மும் அந்த ஊரிலிருந்து கைமாறிக் கைமாறி வந்தது என்றுதான் மாஸ்டர் சொல்வார்.

சுமக்கிற பையன் ஆள் குட்டை. வாரநாளில் ஓசூரில் கம்பெனி வேலை, ஷிப்டு. முகூர்த்த நாளில் ஜரிகை வைத்த சிவப்புச் சட்டை. பட்டையைத் தோளில் மாட்டி டிரம்மை வயிற்றோடு அணைத்தால் ஒரு முகம் இடப்பக்கமும் மறுமுகம் வலப்பக்கமும் பார்த்து நிற்கும்; இரண்டு கையாலும் அடிக்க வேண்டும். குறுக்கே 16 அங்குலம் என்பதால் முழங்கை இரண்டும் விலாவை விட்டு விலகியே நிற்கும். மணிக்கணக்கில் அப்படியே. அடிப்பதில் வலி இல்லை, விரித்த கை விரித்தபடி நிற்பதில்தான் வலி என்றான். குனிந்து பார்த்தால் டிரம்தான் தெரியும், தன் கால் தெரியாது. எங்கள் ஊர்த் தெருவில் கால் தெரியாமல் நடப்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

‘ஆழத்தைக் கொறைச்சுட்டா என்னடா?’ என்றார் மாஸ்டர். டிரம்பெட்காரர் உடனே மறித்தார்: ‘வயிறு போயிடும் மாஸ்டர். டின்னைத் தட்டுற மாதிரி ஆயிடும்.’

அந்தப் பேச்சில் எல்லோருக்கும் உள்ள ஒரு நம்பிக்கை இருக்கிறது. சத்தம் வயிற்றில்தான் தங்குகிறது. வயிறு பெரிதானால் சத்தமும் கனக்கும். ஆழமில்லாதவன் என்று சொன்னால் யாருக்கும் கோபம் வரும், டிரம்முக்கு மட்டும் வராதா? நானும் அந்தக் கட்சியில்தான் இருந்தேன். மாஸ்டர் பிடிவாதக்காரர். 16-ஐ 11 ஆக்குவது என்று முடிவு செய்தார். 10 என்றால் பயமாக இருந்ததாம், 12 என்றால் அறுத்ததற்கு அர்த்தமில்லையாம்.

தேன்கனிக்கோட்டையில் ஒரு மரப்பட்டறையில் அறுப்பு நடந்தது. கம்பிகளைத் தளர்த்தி வளையங்களை எடுத்து, தோலையும் எடுத்தார்கள். தோல் என்பது பிளாஸ்டிக்தான். ஆனால் பேண்டுக்காரர் வாயில் அது என்றைக்கும் தோல்தான். உள்ளே பார்த்தால் ஒரு பழைய கம்பளித் துண்டு, சத்தம் அதிகம் நீளாமல் இருக்க யாரோ எப்போதோ திணித்தது. கூடவே கல்யாணங்களில் தூவிய ஜிகினாத் தாள். எத்தனையோ பேருடைய கல்யாணம் அந்த இருட்டுக்குள் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆசாரி அதையெல்லாம் ஒரு முறத்தில் வாரி வெளியே கொட்டிவிட்டு வேலையைத் தொடங்கினார்.

வட்டமான சட்டியில் நேராகக் கோடு போடுவது லேசான காரியம் அல்ல. டேப்பை வைத்து அங்கங்கே புள்ளி குறித்து இணைத்தால், கோடு புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வராது. ஒரு நூல் மேலேயோ கீழேயோ போய் நிற்கும். ஆசாரி ஒரு கட்டையை நிறுத்தி, 11 அங்குல உயரத்தில் அதில் பென்சிலை ஆணியடித்த மாதிரி இறுக்கிக் கட்டினார். சட்டியைத் தரையோடு படிய வைத்து, பென்சிலை உரசியபடி ஒரு சுற்றுச் சுற்றினார். கோடு தன் வாலைத் தானே பிடித்தது. அந்தக் கோட்டின் மேல் காகித டேப்பை ஒட்டினார். ஒட்டாவிட்டால் மேல்தாள் பிய்ந்துகொண்டு வரும். பிறகு ரூட்டர் மெஷின். ஒரே மூச்சில் அறுக்காமல், ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறக்கினார். பழைய பசை சூடேறி ஒரு புளித்த வாடை வந்தது. கடைசிச் சுற்றில் அறுந்த பகுதி ‘டக்’கென்று விலகியபோது பையன் அதைக் கையில் பிடித்துக்கொண்டான். கிட்டத்தட்ட ஐந்து அங்குல அகலத்தில், கச்சிதமான ஒரு மர வளையம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அறுப்பதைவிட விளிம்புதான் வேலை. தோல் மரத்தை முழு அகலத்துக்கும் தொடக்கூடாது. 45 டிகிரிக்குச் சாய்த்துச் சீவி, ஒரு நூல் அகலத்தில் மட்டும் தொட வேண்டும். அந்த விளிம்பு சுற்றிலும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். எங்காவது பள்ளம் இருந்தால் அந்த இடத்தில் தோல் கறகறவென்று முனகும், எத்தனை முறுக்கினாலும் சுருதி நிற்காது. இதைச் சரிபார்க்க எங்கள் மாவட்டத்தில் ஒரு வசதி உண்டு. கிருஷ்ணகிரி மலைகளை அறுத்து உலகமெல்லாம் அனுப்புகிறோம் அல்லவா, அந்தக் கல். ஓசூரில் எந்த டூல் ரூமுக்குப் போனாலும் நடுவில் ஒரு கருங்கல் பலகை இருக்கும், சர்பேஸ் பிளேட் என்பார்கள். மைக்ரான் கணக்கில் மட்டம். அது கிடைக்கவில்லை, கிரானைட் பாலிஷ் பட்டறை ஒன்றில் நல்ல பலகையாகப் பார்த்துக் கேட்டோம். சட்டியைக் கல்மேல் கவிழ்த்து, உள்ளே செல்போன் டார்ச்சைப் போட்டு, கதவைச் சாத்தினார்கள். விளிம்புக்கு அடியில் எங்கெல்லாம் வெளிச்சம் கசிகிறதோ அங்கெல்லாம் இடைவெளி. ஆசாரி தரையில் முழங்காலிட்டு, கன்னம் கல்லில் படப் பார்த்து, கசியாத இடத்தில் சாக்பீஸால் குறி வைத்தார். அந்த மேட்டைத்தான் தேய்க்க வேண்டும். உப்புத்தாளைக் கல்மேல் விரித்து, சட்டியை அதன் மேல் திருப்பித் திருப்பித் தேய்த்து, மறுபடி டார்ச், மறுபடி தேய்ப்பு. வெளிச்சம் முழுக்க அணைந்தபோது கல்லுக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு தாள்கூட நுழையவில்லை.

கம்பிகள் இப்போது ஐந்து அங்குலம் மிச்சம். அறுத்து மறுபடி மரை போட ஒரு லேத் பட்டறை போதும். 1980-ல் அசோக் லேலண்ட் ஆலையும் டிவிஎஸ் மொபெட்டும் ஓசூருக்கு வந்ததிலிருந்து இந்த வட்டாரத்தில் மரை வெட்டத் தெரிந்த கைக்குப் பஞ்சமே இல்லை.

டிரம்பெட்காரர் சொன்ன வயிற்றுக்கு வருகிறேன். விறைப்பாக இழுத்துக் கட்டிய ஒரு தோல் எவ்வளவு தாழ்ந்த ஒலியைத் தரும் என்பதை முடிவு செய்பவை மூன்று: முகத்தின் அகலம், தோலின் கனம், அதன் விறைப்பு. கணக்கில் ஆழம் என்று ஒன்று வருவதே இல்லை. முகம் அகன்றால் ஒலி இறங்கும், முறுக்கினால் ஏறும். பெரிய டிரம் தருவது போன்ற ஒலியை, நொடிக்கு 60 அதிர்வு என்றே வைத்துக்கொள்வோம். அதன் அலைநீளம் ஏறத்தாழ 19 அடி. 19 அடி அலைக்கு 16 அங்குல வயிறு என்ன, 11 அங்குல வயிறு என்ன? இரண்டுமே அதற்குக் கால்தூசி. அந்த அலை டிரம்முக்குள் குடியிருப்பதில்லை. தோல் அதை நேராகத் தெருவில் தள்ளிவிடுகிறது.

ஆனால் ஆழத்துக்கு வேலையே இல்லை என்றும் சொல்ல முடியாது. இரண்டு தோலுக்கும் நடுவில் அடைபட்ட காற்று இருக்கிறது. ஒரு தோலை அடித்தால் அந்தக் காற்று அமுங்கி மறுதோலைத் தள்ளுகிறது, மறுதோல் திருப்பித் தள்ளுகிறது. இரண்டும் ஒரே திசையில் அசைந்தால் ஒரு ஒலி. எதிர் எதிராக அசைந்து நடுவில் காற்றை நசுக்கினால் வேறொரு ஒலி, முன்னதைவிட உயர்ந்தது. காற்று குறையக் குறைய இந்தப் பிணைப்பு இறுகும். ஆழமான டிரம்மில் இரு முகமும் சாவகாசமாகப் பேசிக்கொள்ளும், ஆழம் குறைந்ததில் ஒன்றின் வாய் மூடுவதற்குள் மற்றது பதில் சொல்லிவிடும். பதில் உடனே வருவது கைக்குத் தெரியும். ஓசையின் வால் கொஞ்சம் குறையும். டிரம்பெட்காரர் பயந்தது முழுக்கப் பொய்யில்லை, அளவில்தான் தவறு.

தோலின் கணிதத்தை உலகத்துக்கு விளக்கியவர்களில் ஒருவர் இங்கிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருந்தார். சி.வி.ராமன் 1933-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்தார். மறு ஆண்டே இந்திய முழவுகளைப் பற்றி விரிவாக எழுதினார். அதற்கு முன் 1920-லேயே சிவகாளி குமாருடன் சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் சுருக்கமாக எழுதியிருந்தார். சாதாரணத் தோலில் மேல்சுரங்கள் ஒன்றுக்கொன்று முழு எண் விகிதத்தில் அமைவதில்லை, அதனால்தான் அது சத்தமாகக் கேட்கிறது, சுரமாகக் கேட்பதில்லை. மிருதங்கத்திலும் தபலாவிலும் நடுவில் பூசும் கருமை அந்தத் தோலைக் கனக்கச் செய்து மேல்சுரங்களை ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது என்று காட்டினார். எங்கள் பேண்டு டிரம்முக்கும் தப்பு என்கிற பறைக்கும் கருமை கிடையாது. இரண்டும் சுரம் தெரியாத ஜாதி. ராமன் அந்தப் பக்கமும் கொஞ்சம் திரும்பியிருக்கலாம் என்று எனக்கு ஒரு குறை உண்டு.

தாழ்ந்த ஒலி என்று பேசும்போது இந்தக் காட்டோரத்தில் யானையை விட்டுவிட முடியாது. ராகி முற்றும் பருவத்தில் பன்னார்கட்டா காட்டிலிருந்து தளி, ஜவளகிரி வழியாகக் கூட்டம் கூட்டமாக வரும். கொல்லைக் காவலுக்குப் பரணில் இருப்பவர்கள் டின்னைத் தட்டுவார்கள், பட்டாசு போடுவார்கள். யானைகள் தமக்குள் பேசுவதில் பெரும்பகுதி மனிதக் காதுக்கு எட்டாத ஒலி என்று கேட்டி பெய்ன் 1980-களில் கண்டறிந்தார். நொடிக்கு 20 அதிர்வுக்கும் கீழே இறங்குகிற உறுமல். அந்தக் கணக்கில் எங்கள் 26 அங்குல டிரம் யானைக்குக் கீச்சுக் குரல். அதை வைத்து மிரட்ட நினைப்பவர்கள் டின்னையே தட்டலாம்.

ஆழத்தைக் குறைத்தது மாஸ்டர்தான் என்று எங்கள் ஊரில் பேசிக்கொண்டார்கள். அவருக்கு முன்னால் இருநூறு வருடமாக எல்லோரும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள். ஐரோப்பாவுக்கு இந்த டிரம் துருக்கி ராணுவத்திடமிருந்து போனது. துருக்கியரின் தவுலை ஒரு கையில் தடித்த கொம்பாலும் மறுகையில் மெல்லிய குச்சியாலும் அடிப்பார்கள். நம் தப்புக்கு அடிக்குச்சி, சுண்டுக்குச்சி என்று இரண்டு. ஒன்று குட்டை தடி, மற்றது நீண்ட மெல்லிசு. இருவரும் சந்தித்துப் பேசி வைத்துக்கொண்டது அல்ல, கை இரண்டு இருக்கும் இடத்தில் எல்லாம் இந்த யோசனை வரும் போலிருக்கிறது. 1782-ல் மொசார்ட் தன் இசை நாடகத்தில் துருக்கிய வாசனைக்காக அந்த டிரம்மைச் சேர்த்தார். 1794-ல் ஹைடனின் ராணுவ சிம்பனியிலும் அது முழங்கியது. இங்கிலாந்தில் அன்றைக்கு அதற்கு ‘நீள டிரம்’ என்றே பெயர். அகலத்தைவிட ஆழம் கூடிய, பீப்பாய் போன்ற உருவம். பத்தொன்பதாம் நூற்றாண்டு போகப் போக முகம் அகன்றது, ஆழம் சுருங்கியது. ஏன் என்று யாரையும் கேட்கத் தேவையில்லை. அணிவகுப்பில் போகிற சிப்பாய்க்கும் எங்கள் பையனுக்கும் முழங்கை ஒன்றுதான்.

மூன்றாம் மைசூர்ப் போரில், 1791-ல், கார்ன்வாலிஸின் படை ஓசூரையும் ராயக்கோட்டையையும் பிடித்தது. அந்தப் படையோடு நீள டிரம்மும் இந்த மண்ணுக்கு வந்திருக்க வேண்டும். தெற்கே தஞ்சாவூரில் சரபோஜி அரண்மனையில் மேல்நாட்டு பேண்டு அமர்ந்தது. முத்துசுவாமி தீட்சிதர் பேண்டு மெட்டுகளைக் கேட்டு நோட்டு ஸ்வரம் செய்தார். கோட்டையிலிருந்து அரண்மனைக்கும், அரண்மனையிலிருந்து கல்யாணத் தெருவுக்கும் வந்த வாத்தியம் இது.

உட்கார்ந்து வாசிக்கும் டிரம் செட்டிலும் இதே கதைதான், ஆனால் தலைகீழாக ஒரு முறை போய்த் திரும்பியது. 1963-ல் ரிங்கோ ஸ்டார் வாங்கிய லுட்விக் செட்டில் காலால் மிதிக்கும் டிரம் 20 அங்குல முகம், 14 அங்குல ஆழம். எண்பதுகளில் ராக் குழுக்கள் அரங்குகளில் ஏறியபோது ஆழம் 16, 18 என்று ஏறியது. லாரியில் ஏற்ற ஆள் இருந்தார்கள், மேடையில் மைக் இருந்தது, ஆழமான டிரம் பார்வைக்குக் கம்பீரம். பிறகு சொந்தக் காரில் தானே சுமந்து போய் வாசிக்கிறவர்கள் பழைய 14-க்குத் திரும்பினார்கள். பலர் வீட்டுக் கொட்டகையில் தாங்களே அறுத்தார்கள். எல்லா ஊரிலும் ஆழத்தைக் காது அளக்கவில்லை. தோள்தான் அளந்திருக்கிறது.

யார் சுமப்பது என்று பார்க்கத் தொடங்கினால் நம்முடைய பழைய முழவுகளும் வேறு மாதிரித் தெரிகின்றன. புறநானூற்றின் 50-ஆம் பாட்டுக்குப் பின்னால் உள்ள கதை எல்லோருக்கும் தெரியும். மோசிகீரனார் களைத்து வந்து, முரசை நீராட்டக் கொண்டுபோன நேரத்தில், வெறுமையாக இருந்த முரசுக் கட்டிலில் படுத்துத் தூங்கிவிட்டார். வெட்டிப் போட்டிருக்க வேண்டிய மன்னன் கவரி எடுத்து வீசினான். அந்த மன்னன் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை. தகடூர் என்பது தர்மபுரி. 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகும்வரை அஞ்செட்டி அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. மன்னனின் பெருந்தன்மை பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தது. எனக்கு இப்போது கண்ணில் படுவது கட்டில். முரசுக்கு மெத்தை விரித்த கட்டில் இருந்தது, நீராட்ட ஆள் இருந்தது, போருக்குப் போனால் யானை இருந்தது. அப்படிப்பட்ட முழவு எவ்வளவு ஆழமாகவும் இருக்கலாம். யாருடைய விலா எலும்பையும் கேட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

தப்புக்குக் கட்டில் இல்லை. மூன்று மரத்துண்டுகளை வளைத்துச் சேர்த்து, உள்ளே இரும்புப் பட்டை வைத்து இணைத்த வளையம். ஒரு பக்கம் மட்டும் தோல். பின்பக்கம் திறந்தே கிடக்கும். கன்னடத்துக்காரர்களின் தமட்டேயும் அப்படித்தான், இப்போது வளையம் பெரும்பாலும் உலோகம். பின்பக்கம் திறந்த முழவில் ஒரு சிக்கல் உண்டு. தோல் முன்னே தள்ளும் காற்றும் பின்னே இழுக்கும் காற்றும் விளிம்பைச் சுற்றி வந்து ஒன்றையொன்று தீர்த்துவிடும். தாழ்ந்த ஒலியில் இந்த நஷ்டம் அதிகம். ஆகவே தப்பின் ஓசை கூர்மையாக இருக்கும், அடிவயிறு இருக்காது. ஆனால் அதை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று பாருங்கள். தோளிலிருந்து தொங்கவிட்டு, திறந்த பக்கம் நெஞ்சைப் பார்க்க, உடம்போடு அணைத்து, இடது முழங்கையால் இடுக்கிக்கொள்கிறார்கள். திறந்த பக்கத்தை மனித உடம்பு அடைக்கிறது. கொஞ்சம் நெருக்கினால் ஓசை மாறுகிறது, விலக்கினால் வேறாகிறது; நல்ல கலைஞர் ஆடிக்கொண்டே இதைச் செய்வார், தனக்குத் தெரியாமலே. பேண்டு டிரம்மின் பிளைவுட் சட்டி செய்யும் வேலையில் ஒரு பங்கைத் தப்பில் விலா எலும்பு செய்கிறது. நாம் டிரம்மிலிருந்து அறுத்து எடுத்த ஐந்து அங்குலத்தைத் தப்புக்காரர் தன் உடம்பிலிருந்து போடுகிறார் என்று எனக்குத் தோன்றியது. இது இயற்பியல் பாதி, என் கற்பனை பாதி.

உடம்பையே கூடாகக் கொடுத்தவர்களுக்கு ஊர் என்ன கொடுத்தது என்பது தெரிந்த சங்கதி. சாவுக்கு அடித்தே ஆக வேண்டும், கூலி ஊர் பார்த்துக் கொடுப்பதுதான். அடிக்க மாட்டோம் என்று சொன்னதே ஒரு பெரிய அரசியல். தென்னார்க்காட்டில் எல்.இளையபெருமாள் போன்றவர்கள் பறையடிப்பதை நிறுத்தச் சொல்லி ஊர் ஊராகப் போனார்கள். எங்கள் பக்கத்தில் தப்பு அடித்த குடும்பங்களிலிருந்தே பலர் பேண்டு செட்டுக்குப் போனார்கள். ஏன் போனீர்கள் என்று கேட்டால் காசைச் சொல்வார்கள், இன்னும் கொஞ்சம் பேசவிட்டால் சட்டையைச் சொல்வார்கள். தோள்பட்டையில் குஞ்சம் வைத்த சிவப்புச் சட்டை, தொப்பி, காலில் ஷூ. மாஸ்டர் என்றுதான் கூப்பிட வேண்டும், பெயர் சொல்லி அல்ல. தப்பைவிடப் பல மடங்கு கனமான டிரம்மை ஒருவர் விரும்பித் தோளில் ஏற்றிக்கொண்டார் என்றால், தப்பு எவ்வளவு கனத்திருக்கும் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. தராசில் தெரியாத கனம் அது.

பிறகு காலம் இன்னொரு பக்கம் திரும்பியது. திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திராவின் சக்தி நாட்டுப்புறக் கலை மையம் தலித் பெண்பிள்ளைகளின் தோளில் பறையை மாட்டி மேடையேற்றியது. சென்னையில் மணிமாறனும் மகிழினியும் புத்தர் கலைக்குழு நடத்துகிறார்கள். கர்நாடகத்துத் தமட்டேக் கலைஞர் முனிவெங்கடப்பாவுக்கு 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2025-ல் மதுரை வேலு ஆசானுக்கு. தப்பின் லேசு இப்போது வேறு விதத்தில் பயன்படுகிறது. பெண்கள் மாட்டிக்கொண்டு குதிக்கலாம், கல்லூரிப் பிள்ளைகள் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போகலாம். ஆழமில்லாத ஒரு கருவிதான் இத்தனை பேர் கைக்குப் போக முடியும். கனத்த முரசு மோசிகீரனாருக்கு ஒரு தூக்கம் கொடுத்ததோடு சரி. இன்று அது எங்கே இருக்கிறது?

அறுத்த டிரம்மைக் கட்டி முறுக்கி முதல் அடி அடித்தபோது எல்லோரும் டிரம்பெட்காரரைத்தான் பார்த்தோம். முன்பு ‘தொம்ம்’ என்று இழுத்தது இப்போது ‘தொம்’ என்று நின்றது. அடுத்த அடிக்கு இடம் கிடைத்தது. வேகமான குத்துப் பாட்டில் முன்பெல்லாம் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்த அடிகள் இப்போது தனித்தனியாக விழுந்தன. மெதுவான பாட்டில் அந்தப் பழைய இழுப்பு இல்லாதது எனக்குத் தெரிந்தது. மறைக்க வேண்டியதில்லை, அது போனது போனதுதான். மாஸ்டர் கொஞ்சம் தளர்த்திப் பார்த்தார், உள்ளே கம்பளித் துண்டைப் போடாமல் விட்டார். ஓரளவு திரும்பி வந்தது. மறுநாள் ஊர்வலத்தில் இரண்டு தெரு தள்ளி நின்று கேட்டேன். தொலைவுக்கு வித்தியாசம் இல்லை. டிரம்பெட்காரர் ‘பரவால்ல’ என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு.

கனம் நினைத்த அளவுக்குக் குறையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சட்டியில் மூன்றில் ஒரு பங்கு போனாலும் வளையங்களும் தோல்களும் பட்டைக் கொக்கிகளும் அப்படியே இருக்கின்றன. பையனுக்குக் கனம் ஒரு பொருட்டாக இல்லை. முழங்கை விலாவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, கீழே பார்த்தால் செருப்பு தெரிகிறது, அது போதும் என்றான்.

மிச்சமான வளையத்தை ஆசாரி பலகை செய்யக் கேட்டார். மாஸ்டர் கொடுக்கவில்லை. நாட்ராம்பாளையம் சாலையில் ஒரு கிராமத்துத் தப்புக்காரப் பெரியவரிடம் எடுத்துப் போனோம். தோல் கட்டினால் பெரிய தமட்டேயாகுமே என்று எங்களுக்கு ஆசை. அவர் வளையத்தை வாங்கி, தோளில் மாட்டுவதுபோல் வைத்துப் பார்த்தார். இடுப்புக்குக் கீழே இறங்கித் தொடையில் இடித்தது. முழங்கைக்குப் பிடி கிடைக்கவில்லை. ‘ஆழமில்ல, சரி. அகலத்த என்ன பண்றது சாமி? இத மாட்டிக்கிட்டா ஆட முடியாது, ஆடலன்னா யாரு பாப்பாங்க?’ என்று திருப்பிக் கொடுத்தார். தன் தப்பை எடுத்து, வைக்கோலைக் கொளுத்தி இரண்டு நிமிடம் காட்டினார். ஈரம் போய்த் தோல் இறுகியதும் ஒரு தட்டுத் தட்டிக் காட்டினார். பக்கத்து மரத்துக் காக்கைகள் எழுந்தன. நம் பிளாஸ்டிக் தோலுக்கு நெருப்பு வேண்டாம், மழையிலும் சுருதி இறங்காது. 1957-ல் அமெரிக்காவில் ரெமோ கம்பெனி தொடங்கியதிலிருந்து உலகமே அந்தப் பக்கம் போய்விட்டது. பெரியவரின் மகனும் ஒரு பிளாஸ்டிக் தப்பு வைத்திருக்கிறான். கார்த்திகை மழைக்கு அதுதான் கை கொடுக்கும் என்று பெரியவரே ஒத்துக்கொண்டார். நெருப்பு காட்டுவதை நிறுத்தவில்லை, அவ்வளவுதான். வளையம் இப்போது மாஸ்டர் வீட்டில் நெல் காயும் இடத்தில் கோழிக்குஞ்சுகளை அடைக்கப் பயன்படுகிறது.

பையனுக்குத்தான் புதிய தொல்லை. பெங்களூர்ப் பக்கத்திலிருந்து நாசிக் டோல் குழுக்கள், கேரளத்துச் சிங்காரி மேளம் எல்லாம் ஓசூர்க் கல்யாணங்களுக்கு வரத் தொடங்கிவிட்டன. அவர்கள் அடித்துக்கொண்டே குனிந்து நிமிர்ந்து ஆடுவார்கள், செல்போன்கள் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பும். டிரம்தான் இப்போது லேசாகிவிட்டதே, நீயும் ஆடு என்கிறார் மாஸ்டர். நாலு அடி வைத்துச் சுழன்று, டிரம்மைத் தலைக்கு மேலே தூக்கி ஒரு அடி. 16 அங்குலத்தில் நினைத்துப் பார்க்க முடியாதது. பையன் ஒரு கல்யாணத்தில் முயற்சி செய்தான், நன்றாகத்தான் இருந்தது. ஊர்வலம் முடிந்து சட்டையைக் கழற்றும்போது கணக்குக்கு வந்து நின்றான்.

‘ஆடணும்னா ரேட்டு வேற மாஸ்டர்.’

மாஸ்டர் இன்னும் பதில் சொல்லவில்லை. தை மாதத்துக்கு மூன்று முகூர்த்தம் ஒப்புக்கொண்டிருக்கிறார்.